உபுண்டு 22.04-இல் ஆப்இமேஜ்கள் ஓடாமல் போனது எப்படி: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரல் 21 அன்று உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பு வெளியானது. ஐந்தாண்டு ஆதரவுள்ள நீண்டகாலப் பதிப்பு என்பதால் அலுவலகம், கல்லூரி, வீடு என்று எங்கே புதிதாக உபுண்டு போட்டாலும் அப்போது இதைத்தான் போட்டார்கள். கிரிட்டா, ஃப்ரீகேட் போன்ற செயலிகளை ஆப்இமேஜ் கோப்பாக, அதாவது நிறுவாமலே ஓட்டக்கூடிய ஒற்றைக் கோப்பாக, இறக்கிப் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு இதில் ஒரு விநோதம் காத்திருந்தது. கோப்பை இறக்கியாயிற்று. இயக்குவதற்கான அனுமதியும் கொடுத்தாயிற்று. இரட்டைச் சொடுக்குப் போட்டால் எதுவுமே நடக்கவில்லை. சாளரமும் வரவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. 20.04-இல் சிக்கலில்லாமல் ஓடிய அதே கோப்புதான்.

அதே கோப்பை டெர்மினலிலிருந்து (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) ஓட்டிப் பார்த்தவர்களுக்கு மட்டும் காரணம் தெரிந்தது. லிப்ஃபியூஸ் என்ற நூலகத்தின் (செயலிகள் பகிர்ந்துகொள்ளும் துணை நிரல்தொகுப்பு) இரண்டாம் பதிப்பை ஏற்ற முடியவில்லை, ஆப்இமேஜ் ஓட ஃபியூஸ் வேண்டும், முடிந்தால் உள்ளே இருப்பதைப் பிரித்தெடுத்துப் பாருங்கள் என்று சில வரிகள் அங்கே வந்தன. டெர்மினல் பக்கமே போகாதவர்களுக்காகத்தான் இந்தக் கோப்பு வடிவம் உருவானது. அவர்களுக்குத்தான் இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

எந்த டிஸ்ட்ரோவிலும் (உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள்) ஓடும், எதையும் நிறுவ வேண்டாம், எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று சொல்லப்பட்ட ஒரு கோப்பு எப்படி ஒரு நூலகம் இல்லாததால் நின்றுபோனது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். சுருக்கமாகச் சொன்னால், எல்லாம் உள்ளே இருந்தது, உள்ளே இருப்பதைத் திறக்கும் பகுதியைத் தவிர.

பின்னணி

ஆப்இமேஜின் வேர் 2004 வரை போகிறது. சைமன் பீட்டர் அந்த ஆண்டு உருவாக்கிய கிளிக் என்ற கருவிதான் அதன் மூதாதை. ஒரு செயலியை அதன் நூலகங்களோடு சேர்த்துச் சுருக்கி, ஒற்றைக் கோப்பாக்கி, ஓட்டும்போது அந்தக் கோப்பையே ஒரு வட்டுபோல மவுண்ட் செய்வது, அதாவது ஓர் அடைவாகக் கணினியில் இணைப்பது, அதன் வழி. அப்போது மவுண்ட் செய்ய நிர்வாகி உரிமை வேண்டும். அதனால் அமைப்புக் கோப்பில் முன்கூட்டியே சில இடங்களை ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. கோப்பை வட்டுபோலக் காட்டும் லூப் கருவிகளின் எண்ணிக்கையும் வழக்கமாக எட்டுதான் என்பதால், ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய செயலிகளும் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தன.

இந்தக் கட்டை அவிழ்த்தது ஃபியூஸ். 2005-இல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 2.6.14 பதிப்போடு சேர்ந்த இந்த வசதி, நிர்வாகி அல்லாத சாதாரணப் பயனரும் ஒரு கோப்பு முறைமையை மவுண்ட் செய்ய வழி செய்தது. கிளிக்கின் அடுத்த தலைமுறை ஃபியூஸுக்கு மாறியது. 2011-இல் போர்ட்டபிள்லினக்ஸ்ஆப்ஸ், 2013 வாக்கில் ஆப்இமேஜ் என்று பெயர்கள் மாறின. ஃபியூஸ் மட்டும் மாறாமல் நின்றது.

இப்படி ஒரு வடிவத்துக்கு அப்போது உண்மையிலேயே தேவை இருந்தது. 2014-இல் போர்ட்லாந்தில் நடந்த டெபியன் டெவலப்பர் மாநாடான டெப்கான்ஃபில், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைப் பற்றிக் காட்டமாகவே பேசினார். அவர் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்ற முக்குளிப்புப் பதிவேட்டு மென்பொருளுக்கு விண்டோஸ், மேக் இரண்டுக்கும் நேரடியாக ஓடும் கோப்புகளைத் தருகிறோம், லினக்ஸுக்குத் தருவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் தனித்தனியாகத் தயாரிப்பது அவ்வளவு தலைவலி என்பது அவர் புகாரின் சாரம். பின்னாளில் சப்சர்ஃபேஸும் ஆப்இமேஜாகக் கிடைக்க ஆரம்பித்தது.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

இப்போது புழக்கத்தில் இருப்பது இரண்டாம் வகை ஆப்இமேஜ். கோப்பின் தலைப்பகுதியில் ரன்டைம் என்ற சிறிய நிரல் இருக்கிறது. அது ஒரு சாதாரண லினக்ஸ் நிரல்தான். அதன் வாலில் ஸ்குவாஷ்எஃப்எஸ் முறையில் சுருக்கிய ஒரு முழு அடைவு ஒட்டப்பட்டிருக்கும். செயலி, அதற்கு வேண்டிய நூலகங்கள், ஐகான், டெஸ்க்டாப் கோப்பு, எல்லாவற்றையும் தொடங்கி வைக்கும் ஆப்ரன் என்ற நிரல் எல்லாம் அந்த அடைவுக்குள்.

சொடுக்கினால் முதலில் ஓடுவது ரன்டைம். அது தன் வாலில் இருக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸை டெம்ப் அடைவுக்குள் ஒரு தற்காலிக இடத்தில் மவுண்ட் செய்து, அங்கிருக்கும் ஆப்ரனைக் கூப்பிடும். செயலியை மூடினால் மவுண்ட் கலைந்துவிடும். முழுக் கோப்பையும் விரித்து வட்டில் எழுதத் தேவையில்லை, கேட்கும் பகுதியை மட்டும் அந்தந்த நேரத்தில் விரித்துத் தரும். நூற்றுக்கணக்கான மெகாபைட் உள்ள செயலிகூட சட்டென்று திறப்பது இதனால்தான். நல்ல வடிவமைப்பு, சந்தேகமில்லை.

ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸைப் படிக்கும் நிரல்பகுதி ரன்டைமுக்குள்ளேயே இருந்தது. ஆனால் கெர்னலின் ஃபியூஸோடு பேசும் லிப்ஃபியூஸ் நூலகம் அதற்குள் இல்லை. ஓடும் நேரத்தில் கணினியில் எங்கே இருக்கிறது என்று தேடி ஏற்றிக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள். மற்ற நூலகங்களைப் போல இதைச் சுருக்கிய அடைவுக்குள் போட்டுவிட முடியாது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலாகிவிடும். ரன்டைமோடு நிலையாகப் பிணைத்து, அதன் பகுதியாகவே ஆக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

ஏன் அது தவறாகத் தெரியவில்லை என்றால், அன்றைய டெஸ்க்டாப் டிஸ்ட்ரோக்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் லிப்ஃபியூஸ்2 தானாகவே இருந்தது. உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமின் கோப்பு மேலாளருக்குப் பின்னால் இருக்கும் ஜிவிஎஃப்எஸ் அதைக் கேட்டது, இன்னும் பல கருவிகளும் கேட்டன. ஆப்இமேஜுக்காக யாரும் அதை வைக்கவில்லை. வேறு யாருக்காகவோ வைத்திருந்ததை ஆப்இமேஜ் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

யார் எடுத்தார்கள்

உண்மையில் யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை. ஃபியூஸ் 3.0 வெளியானது 2016 டிசம்பரில். பழைய 2.9 வரிசையின் 2.9.9 பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது, வளர்ச்சி முழுக்க மூன்றாம் பதிப்பின் பக்கம் நகர்ந்துவிட்டது. டெஸ்க்டாப்பின் மற்ற பாகங்கள் ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாறின. 22.04 தயாராகும்போது, இயல்பாக நிறுவப்படும் தொகுப்புகளில் பழைய லிப்ஃபியூஸைக் கேட்பது எதுவும் மிச்சமில்லை. கேட்பார் இல்லாத நூலகம் நிறுவல் வட்டில் இடம்பெறாது. தொகுப்பு மேலாண்மை என்பதே இப்படித்தான் வேலை செய்கிறது. ஆப்இமேஜ் கோப்புகள் எந்தத் தொகுப்புப் பட்டியலிலும் இல்லாதவை. அவற்றுக்கு ஒரு நூலகம் தேவை என்பது உபுண்டுவின் தொகுப்பு மேலாளரான ஆப்ட்டுக்குத் தெரிய வழியே இல்லை.

புதிய நூலகத்துக்குப் பழைய பெயரில் ஒரு இணைப்புப் போட்டால் போதாதா என்று பலருக்குத் தோன்றும். போதாது. மூன்றாம் பதிப்பில் செயற்கூறுகளின் பெயர்களும் தரவு அமைப்புகளும் மாறிவிட்டன. தாழ்நிலை அமர்வைத் தொடங்கும் செயற்கூறே வேறு பெயருக்குப் போய்விட்டது. ரன்டைம் தேடுகிற பெயர் அங்கே இருக்காது.

நோயைவிட மோசமான மருந்து

சரியான தீர்வு எளிதுதான். உபுண்டுவின் யுனிவர்ஸ் களஞ்சியத்தில் லிப்ஃபியூஸ்2 என்ற தொகுப்பு இருந்தது, அதை நிறுவினால் போதும். மவுண்ட் செய்யும் ஃபியூசர்மவுண்ட் என்ற சிறு நிரல் மூன்றாம் பதிப்பிலிருந்தே பழைய பெயரிலும் கிடைத்ததால், பழைய நூலகமும் புதிய நிரலும் தகராறு இல்லாமல் சேர்ந்து வேலை செய்தன.

ஆனால் பிழைச் செய்தி என்ன சொன்னது? ஆப்இமேஜ் ஓட ஃபியூஸ் வேண்டும் என்றது. படித்தவர்களில் பலர் ஃபியூஸ் என்ற பெயரிலேயே இருந்த தொகுப்பை நிறுவினார்கள். அது பழைய இரண்டாம் பதிப்பின் முழுத் தொகுப்பு. அதுவும் ஃபியூஸ்3 தொகுப்பும் ஒரே கணினியில் சேர்ந்து இருக்க முடியாது. ஆகவே ஆப்ட், ஃபியூஸ்3-ஐ நீக்கப் போகிறேன் என்றது. அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப் பாகங்களையும் கூடவே நீக்கப் போகிறேன் என்று ஒரு நீளமான பட்டியலைக் காட்டியது. அதைப் படிக்காமல் ஒய் அழுத்தியவர்கள் மறுநாள் கணினியைத் திறக்கும்போது டெஸ்க்டாப்பின் பாதி காணாமல் போயிருந்தது. 22.04 முதல் ஃபியூஸ் தொகுப்பை நிறுவாதீர்கள் என்று ஆப்இமேஜ் திட்டத்தின் ஆவணத்திலேயே எச்சரிக்கை எழுதி, ஏற்கெனவே நிறுவியவர்கள் மீள்வதற்கான வழியையும் சேர்க்க வேண்டிவந்தது.

என் பார்வையில் இந்த நிகழ்வின் மிகப் பெரிய சேதம் இதுதான். நூலகம் இல்லாதது ஒரு நிமிட வேலை. பிழைச் செய்தி எந்தத் தொகுப்பு என்று சொல்லாமல் பொதுவாக ஃபியூஸ் என்று சொன்னதுதான் ஆட்களைக் குழிக்குள் தள்ளியது. பல ஆண்டுகளுக்கு முன், ஃபியூஸ் என்றால் ஒரே ஒரு ஃபியூஸ்தான் என்றிருந்த காலத்தில் எழுதிய வரி அது. கோப்புக்குள் உறைந்துவிட்டதால் திருத்தவும் முடியவில்லை.

பழி எங்கே

உபுண்டுவைத் திட்டுவது எளிது, நிறையப் பேர் திட்டவும் செய்தார்கள். உபுண்டுவின் சொந்தச் செயலி வடிவமான ஸ்னாப்பை வளர்ப்பதற்காகவே ஆப்இமேஜை முடக்கினார்கள் என்று பேச்சும் வந்தது. அதே 22.04-இல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக மட்டுமே வந்ததால் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி கிடைத்தது. ஆனால் இந்த விஷயத்தில் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. பழைய நூலகத்தை எந்த டிஸ்ட்ரோவும் என்றாவது ஒருநாள் கைவிடத்தான் போகிறது. 2016 டிசம்பரிலிருந்து 2022 ஏப்ரல் வரை ஐந்தாண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. மாற வேண்டிய இடம் ரன்டைம்தான்.

உபுண்டுமேல் குறை சொல்ல வேண்டுமென்றால் வேறொன்றைச் சொல்லலாம். ஓட்ட முடியாமல் போன நிரல் என்ன சொல்லிவிட்டுச் செத்தது என்பதைக் கோப்பு மேலாளர் காட்டவே இல்லை. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இது ஆப்இமேஜுக்கு மட்டுமான நோய் இல்லை, அது தனிக் கதை.

திருத்தம் வந்தது, பழைய கோப்புகளுக்கு இல்லை

புதிய ரன்டைமை மசல் என்ற சிறிய சி நூலகத்தோடு நிலையாகப் பிணைத்து எழுதினார்கள். லிப்ஃபியூஸ் உள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து எந்த நூலகமும் வேண்டாம், ஃபியூசர்மவுண்ட் எந்தப் பதிப்பாக இருந்தாலும் சரி. புதிய ஆப்இமேஜ்டூல் தானாகவே இந்த ரன்டைமை எடுத்து ஒட்டிவிடும். பொட்டலம் கட்டும் டெவலப்பருக்குக் கூடுதல் வேலை எதுவும் இல்லை.

ஆனால் ஏற்கெனவே கட்டிய கோப்புகள்? ஆப்இமேஜின் பெருமையே ஒருமுறை கட்டினால் அப்படியே இருக்கும் என்பதுதானே. நல்லது உறைவதுபோலப் பிழையும் உறைந்து நிற்கிறது. இன்னொரு செயலி வடிவமான ஃபிளாட்பேக்கில் பல செயலிகள் ஒரே அடித்தளத்தைப் பகிர்கின்றன. அதில் ஒரு பிழையைத் திருத்தினால், அடுத்த மேம்படுத்தலில் எல்லாச் செயலிகளுக்கும் திருத்தம் போய்விடும். ஸ்னாப்பும் ஸ்குவாஷ்எஃப்எஸ்தான், ஆனால் அதை மவுண்ட் செய்வது நிர்வாகி உரிமையோடு பின்னணியில் ஓடும் ஸ்னாப்டி. அதனால் இப்படி ஒரு சிக்கல் அங்கே எழவில்லை. இரண்டுக்கும் விலை உண்டு. கணினியில் முதலில் அந்த ஏற்பாட்டை நிறுவியிருக்க வேண்டும். ஆப்இமேஜ் அந்த ஏற்பாடு வேண்டாம் என்று தொடங்கியது. மையமாக யாரும் இல்லாததால், திருத்தத்தை எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவும் யாரும் இல்லை.

ஆப்இமேஜ்அப்டேட் என்ற கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். கோப்பின் தலைப்பகுதியில் மேம்படுத்தல் முகவரி பொதிந்திருந்தால், இசட்சிங்க் முறையில் மாறிய துண்டுகளை மட்டும் இறக்கிப் புதிய பதிப்பைத் தரும் கருவி அது. அருமையானது. ஆனால் பொட்டலம் கட்டியவர் முகவரியைப் பொதிந்திருக்க வேண்டும், நிறையப் பேர் அதைச் செய்வதில்லை. இன்னொரு வேடிக்கை, அந்தக் கருவியே ஆப்இமேஜாகத்தான் வருகிறது. ஆப்இமேஜ்லாஞ்சர், கியர் லீவர் போன்ற மேலாண்மைக் கருவிகளும் மெனுவில் சேர்ப்பது, ஒரே அடைவுக்கு நகர்த்துவது, பழையதை நீக்குவது போன்றவற்றைச் செய்கின்றன. வீட்டுப் பராமரிப்புக்கு நல்ல உதவி. ரன்டைமின் கோளாறைச் சரிசெய்வது அவற்றின் வேலை அல்ல.

எழுதாத அனுமானங்கள்

லிப்ஃபியூஸ் ஒன்றுதான் வெளியே விடப்பட்டது என்று நினைக்க வேண்டாம். எல்லா ஆப்இமேஜும் சில நூலகங்களைக் கணினியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அதற்கு எக்ஸ்க்ளூட்லிஸ்ட் என்ற பொதுப் பட்டியலே உண்டு. ஜிலிப்சி (ஏறக்குறைய எல்லா நிரலும் நம்பும் அடிப்படை சி நூலகம்), ஓபன்ஜிஎல் (வரைகலை நூலகம்) போன்றவை அதில் வரும். திரை அட்டையின் டிரைவரோடு ஒத்துப்போக வேண்டிய நூலகத்தை உள்ளே அடைத்தால் ஓடவே ஓடாது என்பதால் இதில் நியாயம் இருக்கிறது.

ஜிலிப்சி விஷயத்தில் ஆப்இமேஜ்காரர்கள் கறாராகவே இருந்தார்கள். 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, 20.04-இல் 2.31. புதியதில் கட்டிய நிரல் பழையதில் ஓடாமல் போகலாம், பழையதில் கட்டியது புதியதில் ஓடும். ஆகவே ஆதரவில் இருக்கும் மிகப் பழைய உபுண்டுவில் கட்டு என்பது விதி. லினக்ஸ்டிப்ளாய்க்யூடி என்ற கருவி, அதைவிடப் புதிய கணினியில் ஓட்டினால் வேலை செய்யவே மறுத்துவிடும். ஜிலிப்சிக்கு இவ்வளவு கண்டிப்பு காட்டியவர்கள் லிப்ஃபியூஸை மட்டும் கவனிக்காமல் விட்டது ஏன்? பழைய கணினியில் ஓடுமா என்ற கேள்வியையே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது என் ஊகம். புதிய கணினியில் ஏதாவது காணாமல் போகுமா என்று பார்க்கும் பழக்கம் உருவாகவில்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இதே வகைச் சிக்கலை வேறொரு வடிவில் சந்தித்திருப்பார்கள். க்யூடி என்ற கருவித்தொகுப்பில் எழுதிய செயலி ஆப்இமேஜாக வந்தால், உள்ளீட்டு முறைக்கான செருகுநிரல் உள்ளேயே இருக்க வேண்டும். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறைக்கானது க்யூடியோடு சேர்ந்தே வருவதால் பொட்டலம் கட்டும்போது சேர்க்க வாய்ப்புண்டு. எஃப்சிஐடிஎக்ஸ் என்ற இன்னொரு உள்ளீட்டு முறைக்கானது தனியாக வருவது, அதுவும் க்யூடி பதிப்போடு ஒத்துப்போக வேண்டியது. பெரும்பாலும் விட்டுப்போகும். கணினி முழுக்கத் தமிழ்99 வேலை செய்யும், இந்த ஒரு செயலியில் மட்டும் ஆங்கில எழுத்துதான் விழும். விசைப்பலகை அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை, கோளாறு கோப்புக்குள் இருக்கிறது.

24.04: அடுத்த அடி

2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04-இல் லிப்ஃபியூஸ்2 தொகுப்பின் பெயரோடு டி64 என்ற பின்னொட்டு சேர்ந்தது. அது சின்ன விஷயம். பெரிய விஷயம் நிரல்களின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர். சாதாரணப் பயனர் உருவாக்கும் யூசர் நேம்ஸ்பேஸ் (தனி உரிமைகளோடு பிரித்த சூழல்) வழியாகக் கெர்னலின் ஓட்டைகளைத் தாக்குவது நடந்துகொண்டிருந்ததால், அனுமதிக் கோப்பு உள்ள நிரல்கள் மட்டுமே அந்த வசதியை முழுதாகப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தினார்கள்.

எலக்ட்ரான் என்ற இணைய உலாவி அடித்தளத்தில் எழுதிய செயலிகள் தங்கள் சாண்ட்பாக்ஸுக்கு (செயலியை அடைத்துக் காக்கும் வேலி) இந்த நேம்ஸ்பேஸைத்தான் நம்பியிருக்கின்றன. அது கிடைக்காவிட்டால் மாற்றுவழி ஒன்று உண்டு, ஆனால் அதற்கான சிறு நிரல் நிர்வாகியின் உடைமையாகவும் சிறப்பு அனுமதியோடும் இருக்க வேண்டும். ஃபியூஸ் வழியாக மவுண்டான இடத்தில் அந்தச் சிறப்பு அனுமதி செல்லாது. இரண்டு வழியும் அடைபட்டுச் செயலி நின்றுவிடும். க்ரோம், விஎஸ் கோட் போன்றவற்றுக்கு உபுண்டுவே அனுமதிக் கோப்புகளைத் தந்தது. அவை நிரல் இருக்கும் இடத்தின் முகவரியை வைத்து எழுதப்படுபவை. ஆப்இமேஜ் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் அதன் இயல்பு, அதனால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு முகவரியை யாரும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது.

சாண்ட்பாக்ஸையே அணைத்துவிட்டு ஓட்டும் வழி பரவலாகச் சொல்லப்படுகிறது. இணையத்திலிருந்து வரும் எதையும் காட்டும் ஒரு செயலியைக் காப்பில்லாமல் ஓட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கோப்பை ஒரு நிலையான அடைவில் வைத்து, அந்த முகவரிக்கு ஆப்ஆர்மர் அனுமதிக் கோப்பு ஒன்று எழுதிக்கொள்வது கொஞ்சம் வேலைதான், ஆனால் ஒரே முறை செய்வது.

கையில் பழைய கோப்பு இருந்தால்

உருவாக்கியவர் கைவிட்டுப் போன செயலி, புதிய பதிப்பு வராது, ஆனால் நமக்கு வேண்டும் என்றால் இரண்டு வழி உண்டு. முதலாவது, பிரித்து ஓட்டும் தேர்வைக் கொடுத்து இயக்குவது, அல்லது அதற்கான சூழல் மாறியை அமைத்துவிடுவது. அப்போது ரன்டைம் மவுண்ட் செய்யாமல், உள்ளடக்கத்தைத் தற்காலிக அடைவில் விரித்து ஓட்டும். ஃபியூஸே தேவையில்லை என்பதால் டாக்கர் கொள்கலனுக்குள்ளும் இது வேலை செய்யும். தொடங்க மட்டும் நேரமாகும்.

இரண்டாவது, பழுதையே நீக்குவது. பிரித்தெடுக்கும் தேர்வோடு ஓட்டினால் ஸ்குவாஷ்எஃப்எஸ்-ரூட் என்ற அடைவு கிடைக்கும். அந்த அடைவைப் புதிய ஆப்இமேஜ்டூலிடம் கொடுத்தால், அதே செயலி நிலையாகப் பிணைத்த ரன்டைமோடு புதிய கோப்பாகத் திரும்பி வரும். பழைய கோப்பின் டிஜிட்டல் கையொப்பமும் மேம்படுத்தல் முகவரியும் தலைப்பகுதியில் இருந்தவை என்பதால் புதியதில் இருக்காது. கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் பிரிப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். முகவரியை மட்டும் ஆப்இமேஜ்டூலை ஓட்டும்போது மறுபடி கொடுத்துக்கொள்ளலாம்.